கொத்து ரோஜாவுக்கு என்ன ஆச்சு? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ரோஜாச் செடி சோர்ந்து நின்றால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் வந்துவிடும். ஒருவர் டீத்தூள் போடச் சொல்வார், இன்னொருவர் வெங்காயத் தோல் ஊறிய தண்ணீர் என்பார், மூன்றாமவர் எப்சம் உப்பு என்பார். மூன்றையும் ஒரே வாரத்தில் போட்டுவிட்டால், செடி பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்று தெரியாது. செத்தாலும் எதனால் செத்தது என்று தெரியாது. அதனால் இங்கே மருந்து கடைசியில்தான் வரும். எந்த இலையில் என்ன தெரிகிறது, எந்த மாதத்தில் தெரிகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

பேசப்போவது ஃப்ளோரிபண்டா ரோஜாவைப் பற்றி. ஒரு காம்புக்கு ஒரு பெரிய பூ தருவது ஹைபிரிட் டீ. ஒரே காம்பின் நுனியில் ஐந்து, பத்து என்று கொத்தாகப் பூப்பது இது. நர்சரியில் ஃப்ளோரிபண்டா என்று கேட்டால் பல இடங்களில் விழிப்பார்கள், கொத்து ரோஸ் என்றால் காட்டுவார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கின் பவுல்சன் குடும்பத்தார் பாலியாந்தா ரோஜாவின் கொத்தையும் ஹைபிரிட் டீயின் பூ அழகையும் ஒரே செடியில் கொண்டுவர முயன்றதில் பிறந்த இனம். இதில் உலகம் முழுக்கப் பரவியது ஜெர்மனியின் கோர்டெஸ் நிறுவனம் 1958-ல் வெளியிட்ட வெள்ளை ‘ஐஸ்பெர்க்’. நம் நாட்டில் வேளாண் விஞ்ஞானி பி.பி. பால் டெல்லியில் உருவாக்கிய ‘டெல்லி பிரின்சஸ்’, ‘பஞ்சாரன்’ போன்றவையும் இந்த வகைதான். எளிதாக வளரும் என்கிறார்களே என்றால், ஒரு வாரம் கவனிக்காமல் விட்டாலும் ஹைபிரிட் டீ அளவுக்குக் கோபித்துக்கொள்ளாது, அவ்வளவுதான். தண்ணீரும் வெயிலும் தப்பினால் இதுவும் படுத்துவிடும்.

நான் எழுதுவது சென்னை, திருச்சி, மதுரை மாதிரி சமவெளி ஊர்களில் மாடியிலோ வாசலிலோ தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு. ஊட்டி, கொடைக்கானல்காரர்களின் பிரச்சினைகள் கொஞ்சம் வேறு.

எதற்கும் முன்னால் மூன்று சோதனை

ஆள்காட்டி விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணுக்குள் விடுங்கள். மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்தால் சரி. உள்ளே சகதியாக இருந்தாலோ, மூக்கருகே கொண்டுபோனால் சாக்கடை வாசம் அடித்தாலோ, கீழே படிக்கும் பாதி அறிகுறிகளுக்கு அதுவே காரணம்.

அடுத்து, தொட்டியைச் சாய்த்து அடி ஓட்டையைப் பாருங்கள். ஒரு வருடம் ஆன தொட்டியில் வேரும் மண்ணும் சேர்ந்து ஓட்டையை அடைத்திருக்கும். ஒரு குச்சியால் குத்தினால் தேங்கிய தண்ணீர் கொடகொடவென்று இறங்கும். தொட்டியைத் தரையில் அப்படியே வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் ஓட்டையும் அடைபடாது, மே மாதத்து மாடித் தளத்தின் சூடும் நேராக வேருக்கு ஏறாது.

மூன்றாவது வெயில். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் விழாத இடத்தில் ரோஜா உயிரோடு இருக்கும், பூக்காது. பால்கனியில் காலை இரண்டு மணி நேர வெயிலை வைத்துக்கொண்டு உரக்கடைக்கு நடப்பதில் பயன் இல்லை.

வாங்கி வந்த இரண்டு வாரத்தில் இலை எல்லாம் கொட்டிவிட்டது

பெரும்பாலும் இது நோயாக இருக்காது. நர்சரி நிழல்வலையில், தினமும் தண்ணீர் தெளித்து வளர்ந்த செடி திடீரென்று மொட்டை மாடிக்கு வந்தால் இலையை உதறும். அதிலும் வாங்கிய அன்றே தொட்டி மாற்றினால் இரட்டை அடி. ஒரு வாரம் பத்து நாள் பாதி நிழலில், வந்த பையிலேயே விடுங்கள். புதுத் துளிர் சிவப்பாக எட்டிப் பார்த்த பிறகு மாற்றலாம்.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல ஒட்டு ரோஜாக்கள் கெட்டியான களிமண் உருண்டையில் வருகின்றன. அதைச் சுற்றி நாம் போடும் கலவையோ பஞ்சு மாதிரி இருக்கும். ஊற்றும் தண்ணீர் உருண்டைக்குள் போகாமல் ஓரமாகவே வழிந்து அடி ஓட்டையில் வந்துவிடும். தொட்டி ஈரம், வேர் வறட்சி. நட்ட செடி ஏன் வாடுகிறது என்று தெரியாமல் இன்னும் ஊற்றுவோம். நடுவதற்கு முன் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தால் வெளிக் களிமண் தானாகக் கரையும். விரலால் மேலோட்டமாகத் தேய்த்து, வேர் நுனிகள் வெளியே தெரிகிற அளவுக்கு விட்டால் போதும். உருண்டையை முழுதாக உடைத்து வேரை அலசும் வேலை வேண்டாம்.

ஒட்டுக் கட்டிய இடத்தையும் பாருங்கள். தண்டின் அடியில் புடைத்துக்கொண்டிருக்கும் அந்தக் கணுவில் சில நேரம் பாலிதீன் நாடாவை அவிழ்க்காமலே விற்றுவிடுவார்கள். தண்டு பருக்கப் பருக்க நாடா இறுகி, சதையில் பள்ளம் விழும். பிளேடால் ஒரு பக்கமாகக் கீறி எடுத்துவிடுங்கள். நடும்போது இந்தப் புடைப்பு மண்ணுக்கு மேலே இருக்கட்டும்.

தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அரைப் பங்கு, ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. மக்காத சாணம் வேண்டவே வேண்டாம். அதில் வண்டின் வெள்ளைப் புழு, விரல் பருமனில் சுருண்டு கிடக்கும்; தொட்டிக்குள் போனால் வேரைத் தின்றுதான் வளரும். நன்றாக இருந்த செடி ஒரே நாளில் தொய்ந்து, பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடினால் மண்ணைக் கிளறி இதைத் தேடுங்கள்.

இலை மஞ்சளாகிறது

அதிகம் பேர் கேட்பதும், அதிகம் தவறாக மருந்து போடப்படுவதும் இதற்குத்தான். மஞ்சள் என்று மொத்தமாகச் சொல்லாமல், எந்த இலை, எந்த மாதிரி மஞ்சள் என்று பிரித்துப் பாருங்கள்.

அடி இலைகள் முழுதாக மஞ்சளாகி, தொட்டால் உதிர்கின்றன; மண் எப்போதும் ஈரம். தண்ணீர் அதிகம். இலை துவண்டு மென்மையாக இருக்கும். தண்ணீர் போதாமல் மஞ்சளானால் இலை மொறுமொறுவென்று காய்ந்து ஓரம் சுருண்டிருக்கும். தினமும் காலையில் ஒரு சொம்பு என்று கணக்கு வைத்து ஊற்றுபவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். சித்திரை வெயிலில் இரண்டு வேளை கேட்கும் செடி, ஐப்பசியில் நான்கு நாள் தண்ணீர் இல்லாமல் நிற்கும். கடிகாரத்தை விட்டுவிட்டு விரலை நம்புங்கள்.

அடி இலைகள் சீராக வெளிர்ந்து மஞ்சளாகின்றன, மண் ஈரம் சரியாக இருக்கிறது, புது இலைகள் சின்னதாக வருகின்றன. தழைச்சத்து குறைவு. இருக்கிற சத்தைச் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்கு அனுப்புகிறது. கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தால், இரண்டு கை மண்புழு உரம் அதே வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யும்.

பழைய இலைகளில் நரம்பை ஒட்டிப் பச்சை இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட இடம் மஞ்சளானால் அது மக்னீசியம் குறைவு. எப்சம் உப்புக்கு வேலை இருப்பது இங்கேதான். ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், மாதம் ஒருமுறை வேருக்கு ஊற்றினால் போதும். எல்லா ரோஜாவுக்கும் எல்லா மாதமும் எப்சம் உப்பு என்பது தேவையில்லாத பழக்கம். மண்ணில் ஏற்கனவே உப்பு ஏறியிருந்தால் இதுவும் சேர்ந்து ஏறும்.

இப்போது போர் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கான முக்கியமான அறிகுறி. நுனியில் புதிதாக வரும் இலைகள் வெளிர் மஞ்சளாக, கிட்டத்தட்ட வெள்ளையாக வருகின்றன; நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சைக் கோடுகளாக வலை போட்ட மாதிரி தெரிகின்றன. அடி இலைகள் நன்றாகவே இருக்கின்றன. இது இரும்புச்சத்து குறைவு. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. சுண்ணாம்பு கலந்த கடின நீரை ஊற்றி ஊற்றி மண் காரமாகிவிட்டது. காரமான மண்ணில் இரும்பு கரையாது, கரையாததை வேர் எடுக்காது.

உரக்கடையில் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) என்று கேளுங்கள். பச்சை நிறத்தில் கல்லுப்பு மாதிரி இருக்கும், விலையும் அதிகம் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் சிட்டிகை சிட்ரிக் ஆசிட், அதன் பிறகு 5 கிராம் அன்னபேதி. மாலையில் இலைகளின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். கரைசல் வெளிர் பச்சையாக இருக்கும்போதே பயன்படுத்திவிட வேண்டும். போர் தண்ணீரிலேயே சிட்ரிக் ஆசிட் இல்லாமல் கரைத்தால் கொஞ்ச நேரத்தில் செங்காவியாக மாறும். அப்படி மாறினால் கீழே ஊற்ற வேண்டியதுதான், செடிக்குப் பயன் இல்லை. வீட்டில் பேச்சு வாங்காமல் இருக்க இன்னொன்று: வெள்ளை டைல்ஸ் மேல் சிந்தினால் துருக்கறை விழும், சுலபத்தில் போகாது. தெளிக்கும் முன் செடியை நகர்த்திவிடுங்கள்.

பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதுத் துளிர் பச்சையாக வரும். ஏற்கனவே வெளுத்த இலை முழுதாகத் திரும்பாது. அன்னபேதி தற்காலிக ஏற்பாடுதான். தண்ணீர் மாறாத வரை மஞ்சள் திரும்பத் திரும்ப வரும். மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்து, வாரம் ஒருமுறையாவது ரோஜாவுக்கு அதைக் கொடுங்கள்.

அதே தண்ணீரின் இன்னொரு முகம்: இலை ஓரங்கள் மட்டும் தீய்ந்த மாதிரி பழுப்பாவது. கூடவே தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளைப் பொருக்கு. உப்பு. ரோஜா உப்பைத் தாங்காத செடி. மேல் பொருக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு, கிடைக்கிற நல்ல தண்ணீரை, தொட்டி கொள்ளளவின் இரண்டு மடங்காவது, மெதுவாக ஊற்றி அடி வழியே வடியவிடுங்கள். தட்டில் வடிந்த தண்ணீரைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றும் சிக்கனம் இங்கே உதவாது. அடைமழை நாட்களில் செடி தானாகத் தெளிவதைப் பார்த்திருப்பீர்கள். மழை செய்வதும் இதே கழுவும் வேலைதான்.

இலையில் கறுப்பு வட்டங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் வருவது. வட்டத்தின் ஓரம் மை ஊறிய தாள் மாதிரி பிசிறு பிசிறாக இருந்து, சுற்றி மஞ்சள் படர்ந்து, அடியிலிருந்து மேலாக இலை கொட்டினால் கரும்புள்ளி நோய். இந்தப் பூஞ்சணம் முளைக்க இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் தடுப்பும் தெரிந்துவிடும்: மாலையில் இலை மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், தொட்டிகளை ஒட்டி ஒட்டி அடுக்காதீர்கள், விழுந்த இலையை அன்றன்றே பொறுக்கி வெளியே எறியுங்கள். மண்புழு உரத் தொட்டியிலும் அவை வேண்டாம்.

ஐஸ்பெர்க் எவ்வளவு எளிதான செடியோ, கரும்புள்ளி விஷயத்தில் அவ்வளவு பலவீனமானது. அதனால் மழைக்கு முன்பே செடியின் நடுவில் குறுக்கே போகும் மெல்லிய கிளைகளை எடுத்துக் காற்றோட்டம் உண்டாக்கிவிடுவது நல்லது. நோய் பரவத் தொடங்கிவிட்டால் மேன்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம், மழை விட்ட நாளில், இலையின் இரு பக்கமும். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. இது புது இலையைக் காக்கும் மருந்து, புள்ளி விழுந்த இலையைத் தேற்றாது. தெளிக்கும்போது முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். மருந்து அடித்த செடியின் பூவைத் தலையில் வைக்கவோ குல்கந்துக்கோ எடுக்காதீர்கள்.

இலையில் வெள்ளைப் பவுடர், துளிர் முறுக்கிக்கொள்கிறது

சாம்பல் நோய். மழை போய்ப் பனி வரும் மார்கழி, தையில், பகல் வெயிலும் இரவுக் குளிருமாக இருக்கும்போது வரும். வேடிக்கை என்னவென்றால், கரும்புள்ளிக்கு நேர்மாறாக, இந்தப் பூஞ்சணத்துக்கு நனைந்த இலை பிடிக்காது. காலையில் வெயில் ஏறும் நேரத்தில் இலையைத் தண்ணீரால் கழுவிவிட்டாலே ஆரம்ப நிலையில் குறையும். புளித்த மோரை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து வடிகட்டி வாரம் ஒருமுறை தெளிப்பதும் லேசான தாக்குதலுக்குக் கேட்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். கந்தகத்தை வெயில் கொளுத்தும் நாளில் அடித்தால் இலை கருகும். நம் ஊரில் மாசி தாண்டினால் கந்தகப் பையைக் கட்டி மேலே வைத்துவிடலாம். அந்தப் பருவத்தில் சாம்பல் நோயும் பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும்.

இலை பொலிவிழந்து, ஊசி குத்திய மாதிரி வெளிர் புள்ளிகள்

கோடையில் பலர் இதைச் சத்துக்குறை என்று நினைத்து உரம் போடுகிறார்கள். இலையைத் திருப்பி ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில மெதுவாக நகர்ந்தால், அது செஞ்சிலந்தி. முற்றினால் இலைக்கும் தண்டுக்கும் நடுவே மெல்லிய நூலாம்படை தெரியும்.

மருந்தை விடத் தண்ணீர்தான் இதற்குச் சரி. ஹோஸ் பைப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, இலையின் அடிப்பக்கத்தில் பீச்சி அடியுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், காலை நேரத்தில், இரண்டு வாரம். வெயில் காலத்தில் இதன் முட்டை ஒரு வாரத்துக்குள் பொரிந்துவிடும், அதனால் ஒருமுறை அடித்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. கடையில் ஏதாவது பூச்சிமருந்து கொடுங்கள் என்று கேட்டு வாங்கி அடித்தால் சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள் முதலில் சாகும், சிலந்தி பெருகும். மே மாதத்தில் திடீரென்று செடி வெளுத்ததாகச் சொல்பவர்களிடம் போன வாரம் என்ன அடித்தீர்கள் என்று கேட்டால் பல நேரம் விடை அங்கேயே கிடைக்கும்.

மொட்டு வருகிறது, விரியாமலே கருகுகிறது

கருகிய மொட்டு ஒன்றைக் கிள்ளி, இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். இதழ் ஓரங்கள் பழுப்பாகி, உள்ளே இஞ்சித் துருவலின் நுண்ணிய துண்டு போல, மஞ்சளாகவோ பழுப்பாகவோ மெல்லிய பூச்சிகள் ஓடினால் இலைப்பேன். வெள்ளை, மஞ்சள், வெளிர் ரோஸ் நிறப் பூக்களை இவை அதிகம் தேடி வரும். துளிரையும் விடாது; புது இலை கோணல்மாணலாக வரும். பாதித்த மொட்டுகளை எல்லாம் தயங்காமல் கிள்ளிப் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். செடியில் விட்டுவைத்தால் அதுவே பண்ணை. வேப்பெண்ணெய் 5 மில்லியைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் குழைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, வாரம் ஒருமுறை மாலையில் அடியுங்கள். செடி உயரத்தில் நீல ஒட்டும் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டால் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவாவது உதவும்.

மொட்டில் வட்ட ஓட்டை இருந்து, பக்கத்தில் கறுப்பு எச்சம் இருந்தால் அது புழு. இருட்டின பிறகு டார்ச் அடித்துப் பார்த்துக் கையால் எடுப்பதுதான் வழி.

மழைக்காலத்தில் மொட்டு பாதி விரிந்து, வெளி இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அழுகினால் பூச்சியைத் தேட வேண்டாம். ஈரமும் பூஞ்சணமும் செய்த வேலை. கொத்து ரோஜாவில் இது சீக்கிரம் பரவும். நடு மொட்டுதான் முதலில் விரியும். அதன் இதழ்கள் நனைந்து பக்கத்து மொட்டுகள் மேல் படிந்து ஒட்டும். அதை மட்டும் நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டால் மற்ற மொட்டுகள் பிழைக்கும். மழை இல்லாத காலத்திலும், நடு மொட்டைப் பட்டாணி அளவிலேயே கிள்ளிவிட்டால் கொத்து முழுவதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விரியும். ஒரு பூ காய்ந்து தொங்க நான்கு பூ சிரிக்கும் அலங்கோலம் இருக்காது.

கிளை நுனியிலிருந்து கருகிக் கீழே இறங்குகிறது

நான் அவசரப்படுவது இதற்கு மட்டும்தான். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், இது ஒட்டு வரை இறங்கினால் செடி போய்விடும். வெட்டிய நுனியோ பூப்பறித்து விட்ட காம்போ கறுப்பாகவோ பழுப்பாகவோ மாறி, பச்சைத் தண்டுக்குள் இறங்கிக்கொண்டே வரும்.

கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, கருகலுக்கு இரண்டு அங்குலம் கீழே பச்சையில் வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுத்தண்டு வெள்ளையாக இருந்தால் சரி. பச்சைப் பட்டைக்கு நடுவே பழுப்பு வட்டம் தெரிந்தால் நோய் உள்ளே இன்னும் கீழே இருக்கிறது. வெள்ளை வரும் வரை அரை அங்குலம் அரை அங்குலமாக இறங்குங்கள். பூத்துக் குலுங்கிய கிளையை வெட்ட மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். வெட்டிய வாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லித் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துத் தடவுங்கள். மஞ்சள் தடவும் பழக்கமும் உண்டு, மெல்லிய காம்புக்குக் கெடுதல் இல்லை. பென்சில் பருமனுக்கு மேல் உள்ள வெட்டுக்கு அதை மட்டும் நம்பவேண்டாம்.

ஏன் வந்தது என்றும் பாருங்கள். அடைமழைக்கு நடுவே கவாத்து செய்து கிளைகளை வெட்டியிருப்பீர்கள், அல்லது பூவைக் கையால் ஒடித்துக் காம்பை நாராக விட்டிருப்பீர்கள், அல்லது கணுவுக்கு மேல் இரண்டு அங்குலம் வெறும் குச்சியை விட்டு வெட்டியிருப்பீர்கள். கணுவுக்கு மேல் கால் அங்குலம் விட்டு, துளிர் வரும் கண்ணுக்கு எதிர்ப்பக்கம் சரிவாக வெட்டுவதே சரி.

தளதளவென்று வளர்கிறது, பூ மட்டும் இல்லை

வெயிலை ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. வெயில் சரியாக இருந்தால், கடந்த மாதம் என்ன உரம் போட்டீர்கள் என்று யோசியுங்கள். யூரியா, சாணக் கரைசல், கடலைப் புண்ணாக்கு எல்லாம் இலைக்குப் போகும். எலும்புத்தூள் ஒரு கையும், சாம்பல்சத்துக்கு ஒரு டீஸ்பூன் பொட்டாஷும் வைத்துவிட்டு இலைச்சத்தை ஒரு மாதம் நிறுத்துங்கள். முட்டை ஓடு இதற்கு உதவாது. அது மக்கிச் சத்தாக வருவதற்குள் நீங்கள் வீடு மாறியிருப்பீர்கள்.

பூத்து முடிந்த கொத்தை வெட்டாமல் விட்டாலும் அடுத்த பூ தள்ளிப்போகும். காய் பிடிக்கத் தொடங்கினால் செடியின் கவனம் அதில் போய்விடும். கொத்தில் காய்ந்த பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி, கடைசிப் பூவும் முடிந்ததும் கொத்து முழுவதையும் கீழே உள்ள முதல் நல்ல ஐந்திலைக் கணுவுக்கு (ஒரே காம்பில் ஐந்து சிற்றிலை உள்ள கணு) மேல் வெட்டுங்கள். அங்கிருந்து வரும் துளிர் நம் தட்பவெப்பத்தில் ஆறு ஏழு வாரத்தில் மறுபடி கொத்து வைக்கும். வருடத்துக்கு ஒருமுறை, மழை ஓய்ந்த பிறகு, செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் போதும். ஹைபிரிட் டீயைப் போல முழங்கால் உயரத்துக்கு மொட்டையடிக்க வேண்டியதில்லை.

இன்னொரு சந்தர்ப்பம் உண்டு. ஒரே ஒரு கிளை மட்டும் மற்றதை விட வேகமாக, வெளிர் பச்சையாக, நேரே வானத்தைப் பார்த்துப் போகிறது, பூவும் இல்லை. ஒட்டுக்குக் கீழே, ரோஜாவை ஒட்டவைத்த வேர்ச்செடியிலிருந்து வந்த கிளையாக இருக்கலாம். ஒரு காம்பில் ஏழு இலை இருந்தால் காட்டுச்செடி, ஐந்து இலை இருந்தால் நல்ல செடி என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள், கொத்து ரோஜாக்களிலும் ஏழு இலை வரும். மண்ணை விரலால் விலக்கி, கிளை ஒட்டுப் புடைப்புக்கு மேலே புறப்படுகிறதா கீழே புறப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். மேலே என்றால் அது தங்கம். அடுத்த வருடப் பூவெல்லாம் அதில்தான். கீழே என்றால் வெட்டாமல், கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தெடுங்கள். வெட்டினால் அதே இடத்தில் நான்கு வரும்.

தண்டில் பஞ்சு, தண்டில் செதில்

வெள்ளைப் பஞ்சு என்றால் மாவுப்பூச்சி, கூடவே எறும்பு வரிசை இருக்கும். எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சி போகாது. டீத்தூளைச் சர்க்கரையோடு அப்படியே கொட்டும் வீடுகளில் எறும்புக்கு அழைப்பு வைத்தாகிவிட்டது. பழைய டூத் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துக் கழுவினால் இரண்டு மூன்று தடவையில் அடங்கும். அடித்தண்டில் பழுப்புச் செதில்கள் தோல் நோய் மாதிரி ஒட்டியிருந்தால் செதில்பூச்சி. அதற்கும் அதே பிரஷ், கொஞ்சம் அழுத்தி. துளிரில் மொய்க்கும் பச்சை அசுவினிக்குத் தண்ணீர் பீச்சினாலே போதும்.

பயப்பட வேண்டாதவை

புதுத் துளிர் கருஞ்சிவப்பாக வருவது இயல்பு, ஒன்றிரண்டு வாரத்தில் பச்சையாகும். கத்திரி வெயிலில் பூ சின்னதாகி, நிறம் வெளுத்து, இரண்டு நாளில் உதிர்வதும் இயல்பு. உரம் போட்டு அதை மாற்ற முடியாது. இரவு குளிர்ந்தால் ஐஸ்பெர்க் மொட்டில் இளஞ்சிவப்புச் சாயல் ஏறும், வேறு செடி கொடுத்துவிட்டார்கள் என்று நர்சரிக்காரரிடம் போய் நிற்க வேண்டாம். இலை ஓரத்தில் கத்தரியால் நறுக்கிய மாதிரி அரைவட்டங்கள் இருந்தால் அது இலைவெட்டித் தேனீ, கூடு கட்ட எடுத்துப்போகிறது. செடிக்கு ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள்.

மொத்தமும் காய்ந்துவிட்டது

தூக்கி எறிவதற்கு முன் நகத்தால் தண்டைச் சுரண்டுங்கள், மேலிருந்து கீழாக. பட்டைக்கு அடியில் எங்காவது ஈரப் பச்சை தெரிந்தால் அதற்கு மேல் உள்ளதை வெட்டிவிட்டு, நிழலில் வைத்து, மண் காயாத அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு ஒரு மாதம் பொறுத்திருங்கள். உரம் ஒன்றும் வேண்டாம். இலை இல்லாத செடியால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

ஒட்டுப் புடைப்புக்குக் கீழே மட்டும்தான் பச்சை என்றால், துளிர்ப்பது நீங்கள் வாங்கிய ரோஜாவாக இருக்காது, வேர்ச்செடிதான். பிடுங்கிவிடலாம். பிடுங்கும்போது வேரைக் கொஞ்சம் பாருங்கள்: கறுத்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்தால் தண்ணீர் தேங்கி அழுகியிருக்கிறது, முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நூற்புழு, வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத மண் புழு. நூற்புழு இருந்த மண்ணை இன்னொரு ரோஜாவுக்கோ தக்காளி, கத்தரிக்கோ போடாதீர்கள். மற்ற மண்ணைச் சித்திரை வெயிலில் ஷீட் மேல் மெல்லிசாகப் பரப்பி இரண்டு வாரம் காயவிட்டு, பாதிக்குப் பாதி புது மண்ணும் இரண்டு கை வேப்பம்புண்ணாக்கும் சேர்த்துக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். புதுச் செடியை மழை ஓய்ந்த மார்கழியில் வாங்கினால் வெயில் ஏறுவதற்குள் வேர் பிடித்துவிடும்.